பாடப்பட்ட தாயும் பாடிய தாயும்

சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் பெரியாச்சியை முதன்முறை பார்க்கிறவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். மடியில் கிடக்கும் பெண்ணின் வயிற்றைக் கிழித்து, காலடியில் ஓர் அரசனை மிதித்து, பச்சிளங்குழந்தையை ஒரு கையில் தரை படாமல் உயர்த்திப் பிடித்திருக்கிறாள். கதைப்படி அவள் தேவலோகத்திலிருந்து இறங்கியவள் அல்லள், ஊர் மருத்துவச்சி. கொடுங்கோல் மன்னன் ஒருவனுக்குப் பிறக்கும் குழந்தை மண்ணைத் தொட்டால் அவன் அழிவான் என்பது ஆரூடம். பிரசவம் பார்க்க வந்தவளுக்கு அவன் கொடுத்த வாக்கை மீறிக் கொல்லப் பார்த்தபோது அவள் உக்கிர உருவம் கொண்டாள் என்று முடிகிறது கதை. சிங்கப்பூரில் தீட்டுக் கழிந்து, முப்பது நாள் கடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல தமிழ்க் குடும்பங்கள் முதலில் வந்து நிற்பது இவள் முன்னால்தான்.

அங்கிருந்து சற்று நடந்தால் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்த இடம். எருமைக்கொட்டில் என்று பொருள்படும் மலாய்ப் பெயர் அது. பால்மாடும் எருமையும் நிறைந்திருந்த வட்டாரத்தின் நினைவு அந்தப் பெயரிலும் பஃபலோ சாலை என்ற பெயரிலும் தங்கிவிட்டது. 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான அது, 1966இல் மட்டும் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றெடுக்க வைத்து கின்னஸ் ஏட்டில் ஏறியது. ஒரு நாளைக்கு நூறு பிரசவத்துக்கும் மேல். உலகிலேயே அதிகத் தாய்மார் பிள்ளை பெற்ற கட்டடமும், பிரசவம் பார்க்கும் தெய்வத்தின் சந்நிதியும் ஒரே பேட்டையில் இருந்தும், சிங்கப்பூரின் அச்சிட்ட தமிழ்க் கவிதை நெடுங்காலம் இந்த இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது வேறொரு தாயைத் தேடிப் போனது.

அதற்குக் காரணம் உண்டு. இங்கே முதலில் வந்தவர்கள் ஆண்கள். கைதிகள், சுண்ணாம்புக் காளவாய்க் கூலிகள், துறைமுகத் தொழிலாளர், செட்டிமார், மரைக்காயர் எல்லாரும் தாயையும் மனைவியையும் ஊரில் விட்டு வந்தவர்கள். 1931 கணக்கெடுப்பில்கூட இங்கிருந்த இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண் என்ற அளவில்தான் இருந்தது. சிங்கப்பூரில் அச்சான பழைய தமிழ்க் கவிதை நூல்களைப் பாருங்கள். 1872இல் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’, 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’, 1893இல் ரங்கசாமி தாசனின் ‘குதிரைப் பந்தய லாவணி’. ஒன்று இறைவேண்டல், ஒன்று முருகன் மேல் பக்தி, ஒன்று பந்தயத் திடலின் கேளிக்கை. பெண்ணில்லாத ஊரின் இலக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

ஆனால் தாய் இல்லாமல் அவர்களால் இருக்கவும் முடியவில்லை. 1827இல் நாராயண பிள்ளையின் முயற்சியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்த முதல் இந்துக் கோயில் மாரியம்மனுடையது. 1881இல் சிராங்கூன் சாலையில் காளி வந்தாள். சுண்ணாம்புத் தொழிலாளர் வாழ்ந்த இடம் என்பதால் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றே அதை வெகுநாள் அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது மக்கள் அங்கே ஓடி ஒளிந்ததும், கோயிலுக்குச் சேதம் வராததும் இன்றும் பேசப்படுகின்றன. அம்மன் கோயில்களில் பாடப்படும் மாரியம்மன் தாலாட்டின் விந்தையை இந்தச் சூழலில் வைத்துக் கேட்க வேண்டும். அம்மையையும் வெப்பையும் தருகிறவளைக் குழந்தையாக்கித் தொட்டிலிலிட்டுக் குளிரச் செய்கிறது அந்தப் பாட்டு. பெற்றவளின் தாலாட்டைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்த ஆண்கள், அதே தாலாட்டைத் தெய்வத்துக்குத் திருப்பிப் பாடினார்கள். தாய் வலிமையின் ஊற்று என்ற எண்ணம் சிங்கப்பூர்த் தமிழரிடம் முதலில் இப்படி, தாய் அருகில் இல்லாத குறையிலிருந்துதான் வேர் விட்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அடுத்து வந்தவள் தமிழ்த்தாய். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’, சிதறிக் கிடந்தவர்களைச் சமூகமாக்கும் வேலையில் இறங்கியது. மாணவர் மணிமன்றம் வழியாக இளைஞர்களை எழுத வைத்தது; 1952இல் தமிழர் திருநாள் வந்தது; மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டப்பட்டது. அந்த மேடைகளின் மரபில் தாய் என்றால் மொழி. அவள் மானம் காக்கப்பட வேண்டும், அவளுக்கு மகுடம் சூட்ட வேண்டும், அவள் கண்ணீர் துடைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் மொழி இப்படித் தாயாகவும் கன்னியாகவும் தெய்வமாகவும் உருமாறியதைச் சுமதி ராமசாமி 1997இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். சிங்கப்பூரில் அதற்குக் கூடுதலாக ஒரு பயன் இருந்தது: நான்கு மொழி பேசும் நகரில் சிறுபான்மையினர் தம்மை ஒரு குடும்பம் என்று எண்ணிக்கொள்ள அவள் உதவினாள். அந்தக் கவிதைகளைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அவை பள்ளிகளை நடத்தின, நிதி சேர்த்தன. ஆனால் அந்தத் தாய் சமைப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை, கடன் வாங்குவதில்லை. பிள்ளைகளின் வலிமையை அவள் பெற்றுக்கொள்கிறாளே ஒழிய, அவள் கொடுத்த வலிமை எது என்று கேட்டால் கவிதையில் பதில் கிடைப்பது அரிது.

இதில் ஒரு முரணும் உண்டு. தமிழுக்காக அத்தனை உழைத்த சாரங்கபாணியின் மனைவி பெரனாக்கான் சீனப் பெண். ஆங்கிலக் கவிதையில் சிங்கப்பூருக்கு முகவரி தந்த எட்வின் தம்புவின் தந்தை தமிழரான பள்ளி ஆசிரியர், தாயோ தியோச்சியூ சீன வழிவந்த பெரனாக்கான் குடும்பத்தவர். இங்குள்ள பள்ளிகளில் ஒரு பிள்ளை எந்தத் ‘தாய்மொழி’ படிக்க வேண்டும் என்பது பொதுவாகத் தந்தையின் இனத்தைப் பார்த்தே முடிவாகி வந்தது என்பதையும் இத்தோடு சேர்த்து நினைக்கலாம். மறுபக்கம், 1930களிலிருந்து 1950கள் வரை வறுமையாலும் போராலும் ‘பெண்ணாயிற்றே’ என்ற சலிப்பாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழ்த் தாய்மார்கள் வாங்கி வளர்த்தார்கள். சேலை கட்டி, பூ வைத்து, சரளமாகத் தமிழ் பேசிய சீன முகங்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அன்று அபூர்வமல்ல. வளர்ப்புத் தாய்மை எவ்வளவு பெரிய பொதுப் பிரச்சினையாக முடியும் என்பதை 1950 டிசம்பர் காட்டியது. டச்சுச் சிறுமி மரியா ஹெர்டோக்கை, அவளை வளர்த்த மலாய்த் தாய் அமினாவிடமிருந்து பிரித்து, பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கலவரம் மூண்டு 18 பேர் இறந்தார்கள். சீனக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்ட தமிழ்த் தாயோ எந்தக் கலவரமும் இன்றி, இனக் கோட்டைத் தன் வீட்டுக்குள்ளேயே அழித்தாள். சமூகத்துக்கு வலிமை என்றால் இதைவிட வேறென்ன? தமிழ்த்தாய்க்கு எழுதப்பட்ட வாழ்த்துகளில் பத்தில் ஒரு பங்குகூட இவளுக்கு எழுதப்படவில்லை.

போர்க்காலம் புறநானூற்றுத் தாயைக் கொண்டு வந்து நிறுத்தியது. முந்தைய போர்களில் தகப்பனையும் கணவனையும் இழந்தவள், இருக்கும் ஒரே மகனுக்கும் தலை வாரி வேல் கொடுத்து அனுப்புவதை ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டு நாம் அறிந்ததே. காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பொன்முடியாரும் காவற்பெண்டும் இதே மறக்குடித் தாயைப் பல கோணங்களில் பாடினார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து பெண்கள் படையொன்றை அறிவித்தபோது, மகனை அனுப்பும் தாய் என்ற பழைய படிமம் ஒரே தாவலில் தானே போகும் பெண்ணாகியது. அக்டோபர் 22 அன்று, சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். ஜானகி தேவர் போல வசதியான வீட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். படையின் பெயருக்குரிய லட்சுமிபாயை மக்கள் நினைவில் நிறுத்தியதே கவிதைதான். சுபத்ரா குமாரி சௌஹானின் இந்திப் பாடல் இன்றும் வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வளர்ப்பு மகனை முதுகில் கட்டிக்கொண்டு குதிரையேறியவள் என்பதுதான் அவளுடைய ஓவியம். வளர்ப்புத் தாய் ஒருத்தியின் பெயரில் அமைந்த படை, வளர்ப்புத் தாய்மார் நிறைந்த ஊரில் பிறந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பிடித்த தற்செயல்.

அதே ஆண்டுகளில் ஜப்பானியரால் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ் ஆண்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. தோட்டத்தில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளிக்கிழங்கை நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். பட்டாளத்துக்குப் போனவளுக்குப் புகைப்படம் உண்டு, வரலாற்றுப் புத்தகத்தில் பத்தி உண்டு. கிழங்கு நட்டவளுக்கு ஒப்பாரிதான் உண்டு. என்னைக் கேட்டால், நாம் தேடும் கவிதை அங்கேதான் இருக்கிறது.

தாலாட்டையும் ஒப்பாரியையும் இயற்றியவர்கள் பெண்கள். தாய் அங்கே பாடுபொருளாக நிற்கவில்லை, பாடினியாகவே இருக்கிறாள். தோட்டத்து லயத்து வீட்டில் பாடப்பட்ட தாலாட்டைக் கற்பனை செய்யுங்கள். தமிழ்த் தாலாட்டின் பெரும்பகுதி தாய்மாமன் சீர், அத்தை அடித்தது, பாட்டன் பெருமை என்று உறவு முறைகளால் ஆனது. கப்பலேறி வந்தவளுக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி கிடையாது. இருந்தும் அவள் மாமனைப் பாடினாள். இல்லாத குடும்பத்தைத் தொட்டிலைச் சுற்றிப் பெயர் பெயராக நிறுத்தி, பிள்ளைக்கு ஓர் ஊரையே கட்டிக் கொடுத்தாள். விடிவதற்குள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், அதற்குமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். பால்மரமும் கங்காணியும் கள்ளுக்கடையும் அந்தப் பாட்டுகளுக்குள் வந்து சேர்ந்தன. புருஷனைப் பற்றியும் துரையைப் பற்றியும் நேரில் சொல்ல முடியாததைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவள் சொன்னாள். தூங்கும் குழந்தையைவிடப் பாதுகாப்பான கேட்பாளர் கிடையாது.

ஒப்பாரியின் அதிகாரம் இன்னும் பெரிது. செத்த வீட்டில் மாரடித்து அழும் பெண்ணை எந்த ஆணும் ‘வாயை மூடு’ என்று சொல்ல மாட்டான். இறந்தவரின் பெருமையோடு, சீர் செய்யாத அண்ணன், பாகம் தராத கொழுந்தன் எல்லாரும் ஊர் கேட்க அந்த அழுகையில் விசாரிக்கப்படுவார்கள். சமூகத்தின் கணக்குவழக்கைப் பெண்கள் திறந்து வைக்கும் ஒரே சபை அது. அடுக்குமாடி வாழ்க்கை இந்தச் சபையைக் கலைத்துவிட்டது. புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, குறித்த நேரத்தில் மண்டாய்த் தகனச்சாலைக்குப் புறப்பாடு என்று சாவு ஒழுங்குபட்டபின் ராகமெடுத்து அழ இடமும் இல்லை, அழத் தெரிந்த கிழவிகளும் அருகிவிட்டார்கள். 2015இல் நாட்டின் பொன்விழாவையொட்டி, 1965க்குப் பிந்தைய சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐ மின்னிலக்கமாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். பாராட்ட வேண்டிய பணி. நூல் திட்டம் என்பதால் அதற்குள் வர நூலாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு தாயைப் பற்றி அதிகம் பேசியது அரசுதான், அதுவும் எண்களில். 1972இல் ‘இரண்டு போதும்’ இயக்கம் நான்கு மொழிச் சுவரொட்டிகளோடு வந்தது. 1983இல் லீ குவான் இயூ தேசிய தின உரையில் பட்டதாரிப் பெண்கள் பிள்ளை பெறாததைப் பற்றிக் கவலைப்பட்டார். மறு ஆண்டு மூன்று பிள்ளை பெற்ற பட்டதாரித் தாய்க்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமையும், படிக்காத ஏழைத் தாய் இரண்டோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளியும் என்று திட்டங்கள் வந்தன. எதிர்ப்பில் பட்டதாரித் தாய்த் திட்டம் 1985இல் கைவிடப்பட்டது. தாய்மார்களைத் தரம் பிரித்த அந்தக் காலத்தின் வாசலில், 1980இல் வெளியான தொகுப்பில், ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் யாப் ‘ஹெச்டிபி (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) விளையாட்டிடத்தில் இரண்டு தாய்மார்கள்’ என்ற கவிதையை எழுதியிருந்தார். பேச்சு வழக்குச் சிங்லிஷில் இரண்டு பெண்கள் தத்தம் பிள்ளைகளைப் பற்றி மாறி மாறிப் பீற்றிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கவிதை. அதில் தியாகமோ கண்ணீரோ இல்லை. ஆனால் புதிதாகக் குடியேற்றப்பட்ட அந்நியர்கள் நிறைந்த பேட்டையில் அண்டை வீடு என்ற ஒன்றை உண்டாக்கியது இத்தகைய வம்புப் பேச்சும் போட்டியும்தான். யாப் கேலி செய்கிறார் என்றே பலர் படிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வாஞ்சையும் கேட்கிறது. இந்தத் துணிச்சல் தமிழில் அன்று வரவில்லை. நம் கவியரங்கத் தாய் வம்பு பேச மாட்டாள்.

தமிழில் உடைப்பு வேறு வழிகளில் வந்தது. க.து.மு. இக்பால் 1970கள், 80களில் சிங்கப்பூர் வானொலிக்காக இருநூறுக்கு மேற்பட்ட சிறுவர் பாடல்களை எழுதினார். 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவரை நினைக்கும்போது விமர்சகர்கள் இந்தப் பாடல்களைப் போகிறபோக்கில் சொல்லிக் கடப்பது சரியில்லை. தாலாட்டு ஓய்ந்துகொண்டிருந்த வீடுகளில், வேலைக்குப் போய்த் திரும்பிய தாய்க்குப் பதிலாக வானொலி பாடிய காலம் அது. கனகலதாவின் ‘தீவெளி’யும் (2003) ‘பாம்புக் காட்டில் ஒரு தாழை’யும் (2004) பெண்ணைப் பீடத்திலிருந்து இறக்கிப் பேச வைத்தன, 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வென்ற அவருடைய சிறுகதைத் தொகுப்பின் தலைப்பே ‘நான் கொலை செய்யும் பெண்கள்’. அவர் இலங்கையின் நீர்கொழும்பில் பிறந்தவர் என்பது இங்கே பொருத்தமானது. 1977இல் அர்ஜென்டினாவின் மே சதுக்கத்தில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார்கள் கூடியதுபோல 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தெருவில் இறங்கியது. இரண்டாண்டில், 1986இல், ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண் கவிஞர் தொகுப்பு வந்தது. வேல் கொடுத்து அனுப்பும் தாயைப் போற்றியே பழகிய மொழியில் பெண்கள் தம் குரலில் போரையும் வீட்டையும் பேசத் தொடங்கிய தருணம் அது. ஈழத்திலும் தமிழகத்திலும் திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் சிங்கப்பூரின் பெண் கவிதையும் உள்ளே வந்தது.

இதற்கிடையே சிராங்கூன் சாலை மறுபடி ஆண்களால் நிறைந்துவிட்டது. ஞாயிறு மாலைகளில் அங்குள்ள தேக்காவில் கூடும் கட்டுமானத் தொழிலாளருக்கும் 1881இன் சுண்ணாம்புக் கூலிக்கும் ஒரு விஷயத்தில் வேறுபாடில்லை: வேலை அனுமதிச் சீட்டில் வருகிறவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. தாய் மறுபடி கடலுக்கு அப்பால். 2011இல் ரோவல் சாலையில் வங்காளத் தொழிலாளர் கூடிப் பாடவும் எழுதவும் ‘திபாஸ்ரம்’ என்ற இடம் உருவானது. 2014இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியில் முதலிரு ஆண்டுகளும் வங்கதேசத்தின் ஜாகிர் ஹொசைன் கோகன் வென்றார். அடுத்தடுத்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளும் சேர்ந்தன. இந்த ஆண்களின் கவிதைகளில் அம்மா அடிக்கடி வருகிறாள். முகவருக்குப் பணம் கட்ட நகையை அடகு வைத்தவளும், தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிறவளும், மகன் கொள்ளி வைக்க வர முடியுமோ முடியாதோ என்று அஞ்ச வேண்டியவளும் அவளே. துறவியான பின்னும் பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார் என்பது நம் மரபு. துறவிக்குக் கிடைத்த அந்த விடுப்பு இவர்களில் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

2016இல் போட்டியை வென்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் ரோலிண்டா எஸ்பான்யோலா. 2017இல் இந்தோனேசியப் பணிப்பெண் டெனி அப்ரியானி. சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் கணிசமானோர் தம் பிள்ளைகளை ஊரில் யாரிடமோ விட்டுவிட்டு இங்கே நம் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஊட்டித் தூங்க வைக்கிறவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் பொதுவாக நாடு திரும்ப வேண்டியதுதான். தொழிலாளி மகனின் கவிதையில் தாய் காத்திருக்கிறாள். பணிப்பெண்கள் எழுதும்போது புறப்பட்டு வந்த தாயே பேசத் தொடங்குகிறாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஊரான் மரத்துக்குப் பால் வெட்டப் போனவளின் நிலைதான் இவளுடையதும், ஒரு வேறுபாட்டோடு: இவளுக்கு எழுதத் தெரியும், அதை மேடையில் வாசிக்கவும் முடிகிறது. இந்தக் கவிதைகளைப் ‘புலம்பெயர் தொழிலாளர் இலக்கியம்’ என்று தனி அலமாரியில் வைத்துப் பரிசு கொடுத்துக் கைதட்டுகிறோம். வைக்க வேண்டிய இடம் லயத்துத் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பக்கத்தில்.